தாலி கட்டுற எடத்துல நிக்காத டிஸ்க்

சித்தெ தள்ளி உக்காருங்க, கோவிச்சுக்காதீங்க. இந்தப் பை அழுந்தக் கூடாதுங்க. சாப்பாடு இல்லைங்க, டிஸ்க்கு. டிவிடி. நீங்க எது வரைக்கும்? மதுரையா? நல்லதாப் போச்சு. நான் தாராபுரத்துல எறங்கிக்குவன். அது வரைக்கும் உங்க பை மட்டும் இது மேல சாயாமப் பாத்துக்கங்க.

ரெண்டு சீட்டு சேந்தாப்புல கெடைக்கலைங்க. பொண்ணு முன்னால லேடீஸ் சீட்டுல உக்காந்திருக்குது. அதா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, பச்சை சேலை. மேகலான்னு பேரு. பி.எஸ்.சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்ச புள்ள. ஒரே பொண்ணு. தாராபுரத்துல ஒரு பெரிய எடத்துலதான் கட்டிக் குடுத்திருக்குது. ஆடிக்கு எங்க வீட்டுக்கு வந்துச்சு. ஆடி முடிஞ்சா போகணும்ல? போகலை. தீவாளி போச்சு, கார்த்திகை போச்சு, இந்தா பொங்கலும் போச்சு. இன்னைக்குத்தான் கொண்டுபோயி விடறன்.

சண்டையெல்லாம் ஒண்ணுமில்லைங்க. அடிதடி இல்ல, குடி இல்ல. ஆனா போகமாட்டேன்னுருச்சு. ஒரு அப்பனுக்கு இதைவிட வேற என்ன வேணுங்க? கடைக்குப் போனா, "பாப்பா இன்னும் இங்கதான் இருக்குதாட்டம்?"னு கேக்கறான். கோயிலுக்குப் போனா கேக்கறான். அரை வருசமா எனக்குச் சோறு எறங்கலைங்க. இந்த வாழ்க்கை நெலைக்குமா நெலைக்காதான்னு இருந்துச்சு. இந்த டிஸ்க்கு மட்டும் இல்லைன்னா இன்னைக்கு இந்தப் பஸ்ஸுல நாங்க ஏறியிருக்க மாட்டோம்.

சிரிக்காதீங்க. சொல்றன் கேளுங்க.

கல்யாணத்துக்கு போட்டோக்காரரு வீடியோ எடுத்து சிடி குடுத்தாருங்க. பிரமாதமாத்தான் எடுத்திருந்தாரு. சீர் வரிசை, மணவறை, ஒறம்பரைச் சொந்தக்காரங்க வந்து எறங்கறது, பந்தி, எல்லாம் இருக்குது. ஆனா தாலி கட்டுற எடம் வந்தா நின்னுரும். மாப்பிள்ளை கையில தாலியை எடுத்துருவாரு, பொண்ணு தலையைக் குனியும், அப்படியே நின்னுரும். கட்டங் கட்டமாத் தெரியும். அப்புறம் ஒரேடியாத் தாவி, பந்தியில பாயசம் ஊத்திக்கிட்டு இருப்பான். எங்க வீட்டுக்காரி ராஜாமணி அன்னைக்கே மூஞ்சியத் தொங்கப் போட்டா. "என்னங்க இது, தாலியே கட்டலைங்கற மாதிரி இருக்குது"ன்னா. பொண்ணு திரும்பி வந்த பொறகு அவளுக்கு அது அபசகுனந்தான்னு உறுதியாகிப் போச்சு. நான் அப்படி நெனைக்கற ஆள் இல்லைங்க. மில்லுல நூலு தரம் பாக்கற வேலையில இருந்து ரிட்டயர் ஆனவன். பழுதுன்னா அதுக்குக் காரணம் இருக்கும். சிடி பழுது. வேற டிஸ்க்குல நல்லதாப் பதிச்சு எழுதுனா சரியாப் போகும்.

ஆனா ஒண்ணு ஒத்துக்கறனுங்க. அதைச் சரி பண்ணிப்போட்டா இதுவும் சரியாயிரும்னு எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு நெனைப்பு. ரெண்டு பேரையும் சேத்து உக்கார வெச்சு, அவங்க கல்யாணத்தை அவங்களே முழுசா ஒருக்காப் பாத்தாங்கன்னா மனசு எளகாதுங்களா? நீங்களே சொல்லுங்க.

போட்டோக்காரரு கடையைக் காலி பண்ணிக்கிட்டு பெங்களூரு போறன்னாரு. போறதுக்குள்ள அந்த மூல கேசட்டை அப்படியே எங்க வீட்டுக் கம்ப்யூட்டருல ஏத்திக் குடுத்துட்டாரு. பாப்பா படிக்கறப்ப வாங்கின கம்ப்யூட்டருங்க. அதுல சிடி மட்டுந்தான் ஓடும், எழுதாது. டிவிடி எழுதற டிரைவ் ஒண்ணு வாங்கி மாட்டணும். அங்கதான் ஆரம்பிச்சுது என்ற பாடு.

எத்தனை கம்பெனிங்க! கடைக்காரன் எல்லாத்தையும் நல்லதுங்கறான். ஒருத்தன் இதுதான் வேகம்ங்கறான். இன்னொருத்தன் வேகத்தை வெச்சு என்ன பண்றது, இது சத்தம் போடாதுங்கறான். மூணாவது கடையில, வந்து குனிஞ்சு பாக்கறதுக்குள்ள பில்லைப் போட்டுட்டான். நான் வாங்கலைங்க. எனக்கு ஒரு கொள்கை உண்டு. மில்லுல கத்துக்கிட்டது. விக்கறவன்கிட்டக் கேக்கவே கூடாது. வாங்கினவன்கிட்டக் கேக்கணும். அதுலயும் வாங்கித் திருப்பிக் குடுத்தவன் ஒருத்தன் இருப்பான் பாருங்க, அவனைத் தேடிப் புடிச்சுக் கேக்கணும். அவன்தான் உள்ளதைச் சொல்லுவான்.

காட்டூருல ஒரு வக்கீல் குமாஸ்தா வீட்டுக்குப் போனன். பீளமேட்டுல ஒரு காலேஜ் லேப்புக்குப் போனன். ஒரு சர்ச்சுல பிரசங்கத்தை எல்லாம் டிஸ்க்கு போட்டுக் குடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டு அங்கயும் போயி, பாஸ்டர் பக்கத்துல உக்காந்து அவரு எழுதறதைப் பாத்தன். லென்ஸு எத்தனை நாள் தாங்கும், டிரே வெளிய வந்தா ஆடுதா, வெய்யக் காலத்துல எழுதுனா பாதியில நிக்குதா, எல்லாம் கேப்பன். எனக்குக் கூச்சம் கெடையாதுங்க. ராஜாமணி ஒரு நாளு, "இந்த விசாரணையை அன்னைக்குப் பண்ணியிருந்தீங்கன்னா..."ன்னு ஆரம்பிச்சா. பாதியில நிறுத்திப்போட்டா. என்னைக்குன்னு கேட்டன். அடுப்படிக்குப் போயிட்டா. அவ எப்பவுமே இப்படித்தான், பாதிப் பாதி பேசுவா.

இந்தா, சூலூர் வந்துருச்சு பாருங்க. இந்த ஊருல ஒருத்தரைப் பாக்க வந்தன். அதைச் சொல்லணும் உங்களுக்கு.

நாச்சிமுத்துன்னு பேரு. ஜெராக்ஸ் கடை வெச்சிருக்காரு, கல்யாணப் பத்திரிகையும் அடிப்பாரு. நான் பாத்து வெச்சிருந்த அதே டிரைவை வாங்கித் திருப்பிக் குடுத்தவரு. கடைக்காரனைக் கெஞ்சி அட்ரஸ் வாங்கிக்கிட்டு வந்தன். நல்ல மனுசன். உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்தாரு. நம்ம பக்கத்து ஆளுங்க பேச ஆரம்பிச்சா எந்த ஊரு, எந்தக் குலம், பொண்ணை எங்க குடுத்திருக்கீங்கன்னுதான போகும்? சொன்னன். தாராபுரம், தேங்காய்க் களம் வெச்சிருக்காங்க, மாப்பிள்ளை பேரு குமரவேலுன்னு சொன்னன். டீ கிளாசைக் கீழ வெச்சுட்டாருங்க.

"எம் பொண்ணுக்கும் அந்த எடத்துலதாங்க நிச்சயம் பண்ணியிருந்தோம்"னாரு.

எனக்கு இது ஏற்கெனவே தெரியுமுங்க. முதல்ல ஒரு எடம் நிச்சயமாகி நின்னு போச்சுன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே ராஜாமணி காதுல விழுந்துச்சு. விசாரிங்கன்னா. எங்க போயி விசாரிக்கறது? நின்னு போன பொண்ணு வீட்டுல போயி, ஏன் நின்னுச்சுன்னு கேக்கறது நாகரிகமாங்க? மாப்பிள்ளையோட மாமங்கிட்டக் கேட்டன். ஜாதகத்துல ஏதோன்னாரு. என்ற மச்சான் சொன்ன எடம். ஒரு ஞாயித்துக்கெழமை போயிப் பாத்தோம். தோட்டம், களம், டிராக்டர். மாப்பிள்ளை நடந்து வந்தா வேலை செய்யற ஆளுக அத்தனை பேரும் எந்திரிச்சு நிக்கறாங்க. வேற என்னங்க பாக்கறது? சாப்பிட்டுக் கை கழுவறதுக்குள்ள நாள் குறிச்சாச்சு.

எங்க விட்டன்? ஆ, நாச்சிமுத்து. அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொல்றாரு. "நிச்சயம் ஆனதுக்கப்புறம் புள்ளைக்கு ஓயாம போன் அடிப்பான். ஒருக்கா எடுக்கலைன்னா காலேஜ் வாசல்ல வந்து நிப்பான். ஒரு நாளு எல்லாரு முன்னாலயும் போனைப் புடுங்கி ஒடைச்சுப்போட்டான். எம் பொண்ணு நடுங்கிப் போச்சுங்க. அன்னைக்கே தட்டைத் திருப்பிக் குடுத்துட்டன்"னாரு. கண்ணுல தண்ணி நிக்குது மனுசனுக்கு. எனக்குச் சங்கடமாப் போச்சு. வேற ஒருத்தரு வீட்டு விசயம். பாசம் சாஸ்தியா இருந்தா சில பேரு அப்படித்தான். அதுக்கு நான் என்ன சொல்றது? "அதை விடுங்க, டிரைவை எதுக்குத் திருப்பிக் குடுத்தீங்க?"ன்னு கேட்டன்.

அப்புறம் சொன்னாரு, எழுதி முடிச்ச மாதிரிதான் காட்டும், வேற மிசின்ல போட்டாத் தெறக்காதுன்னு. பாருங்க, இதைத்தான் நான் தேடி வந்தது. எந்தக் கடைக்காரனாச்சும் சொல்லியிருப்பானா? கெளம்பறப்ப வாசல் வரைக்கும் வந்தாரு. "ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நீங்க என்னை வந்து பாத்திருக்கணும்ங்க"ன்னாரு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எனக்கு டிரைவே தேவைப்படலையேன்னன். திரும்பிக் கடைக்குள்ள போயிட்டாரு. ஒரு மாதிரி ஆளுதான்.

வீட்டுக்கு வந்து ராஜாமணிகிட்டச் சொன்னன். டிரைவ் விசயத்தைச் சொல்றதுக்குள்ளயே அவ அழுக ஆரம்பிச்சுட்டா. அன்னைக்கு ராத்திரி சாப்பாடே இல்ல.

பாப்பா சொல்ற குறை என்னன்னு கேக்கறீங்களா? கேளுங்க. மாப்பிள்ளை வீட்டை வெளியில பூட்டிப்போட்டுக் களத்துக்குப் போயிடறாராம். அவ்வளவுதாங்க குறை! தோட்டத்துக்குள்ள ஒத்தை வீடு. பொம்பளைப் புள்ள தனியா இருக்கறப்போ பூட்டாமப் போனாத்தான் தப்பு. இதை நான் பொறுமையா எடுத்துச் சொன்னன். "பாதுகாப்புக்குத்தான கண்ணு"ன்னன். "உள்ள இருந்து நானே பூட்டிக்கலாம்ல அப்பா?"ன்னுச்சு. அதுக்கு நான் என்ன சொன்னன்னு இப்ப ஞாபகமில்லை. பாப்பா கையில போனு எதுக்குக் குடுக்கறதில்லைன்னு நானே மாப்பிள்ளைகிட்டக் கேட்டன். "போன்ல பேசறதுக்கு அவளுக்கு என்ன மாமா இருக்குது?"ன்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு. மாமான்னு சொல்லாம ஒரு பேச்சு பேச மாட்டாருங்க.

நடுவுல பாப்பா, திருப்பூருல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில வேலை இருக்குது, கூடப் படிச்ச புள்ள அங்க இருக்குது, ஹாஸ்டலும் இருக்குது, போகட்டுமான்னு கேட்டுச்சு. எப்படிங்க அனுப்பறது? கட்டிக் குடுத்த பொண்ணு ஹாஸ்டல்ல போயி இருந்தா அப்புறம் தாராபுரத்துக் கதவு தெறக்குமா? முடியாதுன்னுட்டன். சத்தம் போட்டுத்தான் சொன்னன். சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான ஆகணும்?

பல்லடமா இது? அஞ்சு நிமிசம் நிப்பான். டீ குடிக்கறீங்களா? வேண்டாமா? எனக்கும் வேண்டாம், இந்தப் பையை வெச்சுக்கிட்டு எறங்கறது சிரமம். பாப்பாவுக்கு ஏதாச்சும் வேணும்னா கூப்புடும். கேக்காத புள்ள அது. என்ன கூட்டம் பாருங்க, ஏறுறவன் எறங்கறவனை விட மாட்டேங்கறான். ஆமாங்க, சொல்லிக்கிட்டிருந்தனே. கடைசியில எதை வாங்கினன்னு கேக்கவே இல்லையே நீங்க?

பாஸ்டர் வெச்சிருந்ததையே வாங்கினன். பேரு வேண்டாம், அப்புறம் நான் சொன்னன்னு நீங்க வாங்கிப்போட்டு என்னைத் திட்டுவீங்க. வாங்கிட்டு வந்த அன்னைக்குப் பாப்பா கிட்ட வந்து நின்னு, "எந்த டிரைவா இருந்தாலும் பரவால்லைங்கப்பா. டிஸ்க்கு நல்லதா வாங்கி மெதுவா எழுதணும்"னுச்சு. நீ சும்மா இரு கண்ணு, நான் நாலு பேரைக் கேட்டுத்தான் வாங்கியிருக்கறன்னன். அது சும்மாதான் இருந்துச்சு. நானா மாட்டி, நானா எழுதுனன். போச்சு. அத்தனையும் போச்சுங்க. ஒண்ணு பாதியில துப்பிருச்சு, ஒண்ணு எழுதி முடிச்சும் தெறக்கலை. தலையில கை வெச்சு உக்காந்துட்டன். அவ்வளவு விசாரிச்சும் இப்படியான்னு எனக்கு அழுகையே வந்துருச்சு. பாப்பா வந்துச்சு. மவுசைப் புடிச்சு ஏதோ ஒரு எடத்துல வேகத்தைக் கொறைச்சு வெச்சுட்டு உள்ள போயிருச்சு. அதுக்கப்புறம் எழுதுன டிஸ்க்கு ஒண்ணுகூடப் பழுதாகலை. டிரைவ் நல்ல டிரைவுங்க. கொஞ்சம் பழகணும், அவ்வளவுதான்.

எழுதினது சரியா இருக்குதான்னு முழுசாப் போட்டுப் பாத்தன். தாலி கட்டுற எடம் வந்துச்சு. நிக்கலைங்க! தண்ணியாட்டம் ஓடுச்சு. மாப்பிள்ளை தாலி எடுக்கறாரு, கட்டறாரு, அட்சதை விழுகுது. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. பாப்பாவைக் கூப்பிட்டு உக்கார வெச்சு அந்த எடத்தைத் திரும்பவும் போட்டன். அது பாத்துச்சு. அதுல மாப்பிள்ளை பாப்பா மணிக்கட்டைப் புடிச்சு அக்கினியைச் சுத்தி வர்றாரு பாருங்க, அந்த எடத்துல மட்டும் அது தன்னோட கையை இன்னொரு கையால தேச்சுக்கிச்சு. பழைய ஞாபகம் வந்திருக்கும். "நல்லா வந்திருக்குதுங்கப்பா"ன்னுச்சு.

நான் மெதுவாக் கேட்டன். "இதைக் கொண்டுபோயி மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் சேந்து பாக்கலாமா கண்ணு? போலாமா?"

"சரிங்கப்பா, போலாம்"னுச்சு.

அவ்வளவுதாங்க. அரை வருசம் நானும் அதோட அம்மாளும் தலைகீழா நின்னு சொல்லியும் வராத வார்த்தை. உடனே வந்துருச்சு. எந்தப் பஸ்ஸுல போறோம், அது எந்த ஊரெல்லாம் நிக்கும்னு கேட்டுச்சு. எனக்கு இருந்த சந்தோசத்துல, பல்லடத்துல நிக்கும், குண்டடத்துல நிக்கும்னு ஒண்ணொண்ணாச் சொன்னன். ராஜாமணி மட்டும் காலையில பொட்டியை எடுத்து வெக்கறப்ப பொண்ணைக் கட்டிக்கிட்டு விடவே இல்ல. காதுல என்னமோ சொன்னா. கையில என்னமோ திணிச்சா. நான் கேக்கலை. அம்மாவும் பொண்ணும் பேசறதுல நமக்கென்ன?

குண்டடமும் தாண்டியாச்சுங்களா? பேசிக்கிட்டு வந்ததுல தெரியவே இல்ல. பாப்பா தலை தெரியலை, சாஞ்சு தூங்குதாட்டம். பொட்டி மேலதான் இருக்குது. தூங்கட்டும். மாப்பிள்ளைக்குக் காலையிலயே போன் பண்ணிச் சொல்லியாச்சு. ஸ்டேண்டுலயே வந்து நிக்கறன்னாரு. "கூட்டிக்கிட்டு வந்துருவீங்கல்ல மாமா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. ஆசை இல்லாமலா கேப்பாரு?

ஊருக்குள்ள வந்தாச்சு. நான் எந்திரிக்கறனுங்க. கொஞ்சம் இந்தப் பையைப் புடிச்சுக்கங்க, பாப்பாவ எழுப்பிப்போட்டு வந்து வாங்கிக்கறன். மேகலா! கண்ணு! ஏனுங்க, அங்க கொழந்தையோட உக்காந்திருக்கறது யாரு? அது எங்க பாப்பா சீட்டுங்க. ஏம்மா, இங்க ஒரு பொண்ணு இருந்துச்சே, பச்சை சேலை? நீங்க பல்லடத்துல ஏறுனீங்களா? ஏறுறப்பவே காலியாத்தான் இருந்துச்சா?

கண்டக்டர் சார்! முன்னால இருந்த பொண்ணு... எறங்கிருச்சா? எப்படி விட்டீங்க? ரெண்டு டிக்கெட் தாராபுரத்துக்கு நான் எடுத்தனே!

என்னங்க சொல்றாரு இவரு. "பின்னால இருக்கறது உங்கப்பாதானம்மா, அவருகிட்டச் சொல்லிட்டீங்களா?"ன்னு கேட்டாராம். "அவரு பேசிக்கிட்டிருக்காருங்க, பேசட்டும்"னு சொல்லுச்சாம். பொட்டியை அப்பா எடுத்துக்குவாருன்னுச்சாம்.

நீங்க ஜன்னலோரம் இருந்தீங்களே. பாத்தீங்களா? பாத்தீங்களா! எங்க பொண்ணுன்னு தெரிஞ்சும் ஏனுங்க சொல்லலை? எந்தப் பக்கம் போச்சு? திருப்பூர் பஸ்ஸா? அழுதுச்சுங்களா? அழுகலையா. திரும்பிப் பாக்கலையா. ஓடித்தான் ஏறுச்சா? எங்க மேகலாவா ஓடுச்சு? அது ஓடி நான் பாத்ததே இல்லைங்க.

ஸ்டேண்டுக்குள்ள வந்துட்டான். அதா நிக்கறாரு, வெள்ளைச் சட்டை, அவருதான். பஸ்ஸு நிக்கறதுக்குள்ளயே ஒவ்வொரு ஜன்னலாப் பாத்துக்கிட்டு வர்றாரு பாருங்க. முன் சீட்டுல இருந்து பாக்கறாரு. அந்தக் கொழந்தைக்காரியையே மொறைக்கறாரு. இப்படிப் பாப்பாருன்னு எனக்குத் தெரியாதுங்க. என்கிட்ட மாமான்னுதான் பேசுவாரு.

கண்டக்டர் எறங்கச் சொல்றாரு. எறங்குனா மாப்பிள்ளை, பாப்பா எங்கன்னு கேப்பாரு. நான் பொய் சொல்லிப் பழக்கமில்லைங்க. பல்லடம், திருப்பூரு, ஹாஸ்டலு, எல்லாம் வாயில வந்துரும். அவரு முன்னால நின்னா நான் சொல்லிப்போடுவனுங்க. எனக்குத் தெரியும், நான் சொல்லிப்போடுவன்.

கண்டக்டர் சார், ஒட்டன்சத்திரத்துக்கு ஒரு டிக்கெட். ஆமாங்க, ஒண்ணுதான். நான் இப்படிக் குனிஞ்சுக்கறன். இந்தப் பக்கந்தான் வர்றாரு. கோவிச்சுக்காதீங்க, அந்த ஷட்டரை எறக்குங்க.